வெண்ணிலா போட்ட கோடு

காலை ஐந்து மணிக்கு வெண்ணிலா அக்கா எங்கள் கேட்டைத் தட்டமாட்டார். வெளியே நின்று ஒருமுறை இருமுவார். அதற்குள் நான் ஸ்கூட்டியைத் தெருவுக்கு இறக்கியிருக்க வேண்டும். இறக்காத நாட்களில் இரண்டாவது இருமல் கொஞ்சம் பெரிதாக வரும்.

2006 டிசம்பர் பாதியில் தொடங்கிய வழக்கம் அது. முடிச்சூரிலிருந்து தாம்பரம் மேற்கில், ரயில் பாதையை ஒட்டிய மைதானத்துக்கு அவரை ஏற்றிக்கொண்டு போவேன். எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என்னால் உட்கார முடியவில்லை, அவரால் நிற்க முடியவில்லை. அப்படித்தான் எங்கள் சிநேகம் ஆரம்பித்தது.

வெண்ணிலா அக்காவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் பிறந்தவர். அப்பா கடலுக்குப் போனார், அம்மா பாலாம்பாள் கூடையில் மீன் விற்றார். எட்டாம் வகுப்பில் யாரோ கையில் ஒரு பூப்பந்து மட்டையைக் கொடுத்தார்கள். அந்த மட்டைதான் அவரைக் கல்லூரியில் கட்டணம் இல்லாமல் சேர்த்தது. கல்லூரி முடிந்ததும் கல்யாணம், முடிச்சூரில் எங்கள் தெரு, ஒரு மகள். கணவர் துளசிங்கம் நாவலூரில் ஒரு கம்பெனிக் கட்டிடத்தில் லிஃப்ட் பார்க்கிறார். அக்கா தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்குள் ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கிங் பிரிவு. எட்டு மணி நேரம் மேஜை முன்னால் நின்றபடி பிசிறு நூலை வெட்டி, பொத்தானை இழுத்துப் பார்க்கும் வேலை.

இதற்கு நடுவே காலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழேகால் வரை அவர் பூப்பந்து ஆடினார். இறகுப் பந்து இல்லை இது. மஞ்சள் கம்பளிப் பந்து. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். வெட்டவெளியில் மண் தரையில் ஆடுவது. காற்று கிளம்பினால் பந்து சொன்ன பேச்சு கேட்காது, அதனால்தான் அந்த நேரம். பின் வரிசையில் இடது மூலை அவருடையது. பன்னிரண்டு வருடமாக அந்த மூலையில் வேறு யாரும் நின்றதில்லை. வீட்டிலும் கம்பெனியிலும் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், இந்த மூலையில் நிற்கும்போது பந்து மட்டும்தான் கூப்பிடும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

கால் உடைந்தது ஆட்டத்தில் இல்லை. அக்டோபர் மழையில் முடிச்சூர் சாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கினார். தண்ணீருக்கு அடியில் இருந்த கல் தெரியவில்லை. வலது பாதம் வெளிப்பக்கமாக மடங்கியது. சுண்டுவிரலுக்குப் பின்னால் பாதத்தின் ஓரமாக ஓடும் நீள எலும்பில் முறிவு. அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, மெதுவாகத்தான் கூடும் என்றார் டாக்டர். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த பிறகு நடக்கலாம், ஓடவும் குதிக்கவும் கூடாது. ஜனவரி கடைசியில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மேலே சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

கட்டு இருந்த ஆறு வாரமும் பாலாம்பாள் அம்மா வாரம் இரண்டு முறை பஸ் மாறி மாறி வந்தார். நெத்திலி, நண்டு, சுறா.

"எலும்புக்கு எலும்பு துன்னணும். நெத்திலிய முள்ளோட மெல்லு, துப்பாத," என்பார்.

"கால்தான் ஒடஞ்சிகீது, பல்லு ஒடையணுமா இப்போ?"

"பல்லு ஒடஞ்சா ஒன் வாயி கொறையும். தெருவுக்கே நல்லது."

மீன் கூடையில் மிச்சமிருக்கும் ஐஸ் துண்டுகளை ஒரு துணியில் முடிந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போவார். அக்கா அதைத்தான் இரவில் கட்டுக்கு மேலே வீங்கிய காலில் வைத்துக்கொள்வார். கட்டுப் பிரித்த பிறகும் அது தொடர்ந்தது. ஸ்கூட்டியில் அவர் பின்னால் உட்கார்ந்தால் மெலிதாகக் கவிச்சி வரும்.

"நாறுதா?" என்று கேட்பார்.

"இல்லைக்கா."

"பொய் சொல்லாத. எனக்கே நாறுது."

குழுவின் தலைவி தபீதாள் டீச்சர். ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. நாற்பது வயதுக்கு மேல். வலைக்கு முன்னால் நின்று ஆடுவார். அவர் வைத்த பழக்கம் ஒன்று அந்தக் குழுவில் இருந்தது. உடம்பு சரியில்லாமல் ஆட முடியாதவர் வீட்டில் இருக்கக் கூடாது. வந்து கோடு போட வேண்டும்.

மண் தரையில் கோடு தினமும் அழியும். தினமும் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புப் பொடியால் புதுக்கோடு போடுவார்கள். அடியில் ஓட்டை போட்ட பழைய பால்பவுடர் டின் ஒன்று இருந்தது. அதைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே ஒரு மூலை முளைக்குச்சியிலிருந்து அடுத்த குச்சி வரை நடக்க வேண்டும். கயிறு கட்டுவதில்லை. கயிறு கட்டினால் கோடு நேராக வரும், நடக்கிறவள் நேராக நடக்கிறாளா என்று எப்படித் தெரியும் என்பது டீச்சரின் கேள்வி. எல்லாக் கோடும் சேர்த்து நூற்றிருபது மீட்டர் இருக்கும்.

வெண்ணிலா அக்கா டிசம்பரில் முதல் நாள் போட்ட கோட்டை நான் மறக்கவில்லை. வலது காலை ஊன்றும்போது உடம்பு வெளியே சாயும். டின்னும் கூடவே சாயும். ஒரு எட்டு நேர், ஒரு எட்டு வளைவு. அடுத்த எட்டு நேர், அதற்கடுத்தது வளைவு. ஓரக்கோடு முழுவதும் அலை அலையாகக் கிடந்தது.

பிளஸ்ஸி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண், அக்காவுக்குப் பதிலாக அந்த இடது மூலையில் நின்றவள்.

"அக்கா, இது கோர்ட்டா கோலமா?"

"புள்ளி வெச்சித் தரேன், நீயே போட்டுக்கோ."

"இல்லக்கா, டவுட்டுக்குக் கேக்கறேன். இந்த வளைவுல பால் விழுந்தா உள்ளயா, வெளியயா?"

"நீ எடுத்துட்டா கேள்வியே வராது. ஓடி எடு."

தபீதாள் டீச்சர் சிரிக்கவில்லை. கோட்டின் ஓரமாகவே நடந்து பார்த்துவிட்டு வந்தார். "கால் பாதி கூட ஆறல, வெண்ணிலா. கோடு நேரா வரட்டும். அன்னைக்கு மட்டைய எடு," என்றார்.

இதில் ஒரு தேதியும் இருந்தது. பிப்ரவரியில் குன்றத்தூர் சாலையில் ஒரு பள்ளி மைதானத்தில் போட்டி நடக்கும். அந்தப் போட்டியில் இறங்கும் ஐந்து பேர்தான் வருடம் முழுவதும் குழுவின் ஐந்து பேர். எழுதி வைத்த விதி இல்லை, ஆனால் ஒருவரும் மீறியதில்லை. பிளஸ்ஸி பிப்ரவரியில் அந்த மூலையில் நின்றுவிட்டால் அடுத்த பிப்ரவரியில் அக்காவுக்கு முப்பத்து நான்கு. அதற்கப்புறம் யாரும் போகச் சொல்லமாட்டார்கள். கூப்பிடவும் மாட்டார்கள்.

டிசம்பர் போனது. பொங்கல் போனது. தினமும் நூற்றிருபது மீட்டர். கோடு போட்டு முடித்ததும் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தூக்கி எதிர் பெஞ்சில் வைப்பார். ஏழே முக்காலுக்கு நான் மெப்ஸ் வாசலில் இறக்கிவிடுவேன். மாலை ஐந்து மணிக்குக் கூட்டிவரப் போவேன். அவர் வெளியே வரும்போது செருப்பின் வார் பாதத்தில் பதிந்திருக்கும். கம்பெனியில் ஒரு ஸ்டூல் கேட்டுப் பார்த்தார். ஒருத்திக்குக் கொடுத்தால் நாற்பது பேரும் கேட்பார்கள் என்றார்களாம்.

"கேட்டா குடுக்கட்டுமே. நாப்பது ஸ்டூலா இல்ல ஊர்ல?" என்றேன்.

"நீ ஊரெல்லாம் பாத்துட்டு வந்தவ. நான் ஒரு மேஜையத்தான் பாத்துகினு கீறேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். சிக்னலில் நிற்கும்போது தூங்கிவிட்டார் என்றுகூட நினைத்தேன்.

அலைகள் சிறுத்தன, ஆனால் போகவில்லை. ஜனவரி இருபதுக்கு மேல் ஒருநாளைப் போலவே மறுநாளும் இருந்தது. எக்ஸ்ரேவுக்கு எப்போது போகலாம் என்று இரண்டு முறை கேட்டேன். கோடு நேராக வந்தால் போதும், எக்ஸ்ரே எதற்கு என்றார்.

அந்த மாதக் கடைசி வாரத்தில் ஒருநாள் இருமல் நாலரைக்கே கேட்டது. மைதானத்தில் யாரும் இல்லை. முதல் மின்சார ரயில் ஒன்று காலியாகப் போனது. அக்கா பையிலிருந்து ஒரு சின்னச் சுருளை எடுத்தார். தங்கூசி. தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்பு. வஞ்சிரத்தைத் தாங்கும், ஆனால் தண்ணீருக்குள் மீனுக்கே தெரியாது. துணி காயப்போட என்று அம்மாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"அந்த முனைய அந்தக் குச்சில கட்டு. இழுத்துக் கட்டு."

கட்டினேன். இருட்டில் என் விரலுக்கு இடையில் இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

"இது சரியாக்கா?"

"டீச்சர் இன்னா சொன்னாங்க?"

"கோடு நேரா வரட்டும்னாங்க."

"வரட்டும்."

குதிகாலை மட்டும் ஊன்றி, நரம்பின் மேலேயே டின்னைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக நகர்ந்தார். வழக்கமாகக் கால் மணி நேரம் ஆகிற வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. முடித்ததும் நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டோம். ஒரு முளையில் மட்டும் என் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்தேன். ஒரு விரல் நீளத்துக்கு நரம்பு அங்கேயே தொங்கியது.

விடிந்ததும் தபீதாள் டீச்சர் வந்து ஓரக்கோட்டின் மேல் நின்றார். மறுமுனை வரை போய்த் திரும்பி வந்தார். அவர் முகத்தில் நான் முதல்முறையாக ஒரு சந்தோஷத்தைப் பார்த்தேன். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"நாளைக்கும் இப்படி வருதா பாப்போம்," என்றார்.

மறுநாளும் வந்தது. மூன்றாம் நாளும். நான்காம் நாள் பிளஸ்ஸியே மட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். "வாங்கக்கா. எனக்கும் செமஸ்டர் வருது," என்றாள். அவள் முகத்தைக் காட்டாமல் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டரை வாரம் அக்கா ஆடினார். நன்றாகவும் ஆடினார். பந்து எங்கே விழும் என்பது அவருக்கு மற்றவர்களுக்கு முன்பே தெரியும். அதனால் நான்கு எட்டு வைக்க வேண்டிய இடத்தில் இரண்டு போதுமாக இருந்தது. வலதுகாலில் ஊன்றித் தாவ வேண்டிய பந்துகளை மட்டும் விட்டுவிடுவார். "அது வெளிய," என்பார். பாதிப் பந்து வெளியேதான் விழுந்தது. மாலையில் வீட்டுக்கு வந்தால் கேட்டுக்குள் நுழைவதற்கு முன் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அவர் கணவர் இரவு வேலைக்குக் கிளம்பும்போது பார்த்திருக்கிறார். "இன்னா ஆச்சு?" என்று கேட்டாராம். "தூக்கம்" என்றாராம்.

போட்டி பிப்ரவரி நடு ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பள்ளி மைதானத்தில் கயிறு பிடித்துக் கோடு போட்டிருந்தார்கள். முதல் ஆட்டத்தை எங்கள் குழு இருபத்தொன்பதுக்கு இருபத்துமூன்றில் ஜெயித்தது. இரண்டாவதில் பதினேழுக்குப் பதினேழு இருக்கும்போது எதிரணிப் பெண் ஒருத்தி உயரமாகத் தூக்கி எங்கள் இடது மூலைக் கோட்டோரமாக அடித்தாள். விட்டுவிடக்கூடிய பந்து இல்லை. அக்கா வலதுகாலை ஊன்றிப் பின்னால் தாவினார். பந்தை எடுத்தும்விட்டார். புள்ளியும் எங்களுக்கு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடுகள் உள்ளே போய்விட்டன.

அதற்குப் பிறகு நான்கு பந்து ஒற்றைக்காலில் நின்றார். நான்கும் அவர் மூலைக்கே வந்தன. எதிரணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான்காவது பந்து கோட்டுக்குள் ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவர் அசையவே இல்லை. மட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"டீச்சர், பிளஸ்ஸிய எறக்குங்க."

"இன்னும் பத்துப் பாயின்ட்தான், வெண்ணிலா. சமாளி."

"முடியல டீச்சர். கால் முடியல. அப்பவே முடியல."

பிளஸ்ஸி இறங்கினாள். அந்த ஆட்டம் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் போனது. மூன்றாவதும் போனது.

திரும்பும்போது ஒரு வேனில் எல்லோரும் ஏறினோம். அக்கா காலைப் பிளஸ்ஸியின் மடியில் நீட்டியிருந்தார், வேறு இடம் இல்லை. குன்றத்தூர் தாண்டியதும் பையைத் திறந்து தங்கூசிச் சுருளை எடுத்துத் தபீதாள் டீச்சர் கையில் வைத்தார். கோடு எப்படி நேராக வந்தது என்று சொன்னார். அதிகம் சொல்லவில்லை, மூன்று வாக்கியம் இருக்கும். நானும் ஒரு முனையைப் பிடித்தேன் என்று நான் சொன்னேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

டீச்சர் நரம்பை ஒரு விரலில் சுற்றிப் பார்த்தார்.

"இருபது வருஷமா எக்ஸாம் ஹால்ல பிள்ளைங்க காப்பி அடிக்கிறதைப் பாத்திருக்கேன்," என்றார். "சுண்ணாம்புக் கோட்டுக்குக் காப்பி அடிச்ச ஆள இப்பதான் பாக்கறேன்."

சிறிது தூரம் போன பிறகு அவரே மறுபடியும், "மொளையில ஒரு துண்டு தொங்கிச்சு. நான் பாத்தேன். பட்டம் விட்ட பசங்க நூல்னு நெனச்சேன்," என்றார். அவருடைய குரல் அக்காவைத் திட்டுவது போல இல்லை. தன்னையே திட்டிக்கொள்வது போல இருந்தது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிளஸ்ஸி மடியில் இருந்த காலின் ஷூ லேஸை மெதுவாகத் தளர்த்தினாள்.

எக்ஸ்ரேவில் பழைய முறிவின் வெளிப்பக்கம் மறுபடி திறந்திருந்தது. உள்பக்கம் பிடித்திருந்தது, அதனால் அறுவை வேண்டாம் என்றார் டாக்டர். மீண்டும் ஆறு வாரம் கட்டு. கம்பெனியில் சம்பளம் இல்லாத விடுப்பு. பாலாம்பாள் அம்மா மறுபடி பஸ் மாறி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கூடையை இறக்கிவைத்தார்.

"துணி காயப்போடன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அதுல வஞ்சிரந்தான் மாட்டும்னு பாத்தா, நீ போய் மாட்டிகினு வந்து கீறே." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நெத்திலி கீது. முள்ளோட மெல்லு."

ஏப்ரல் முதல் வாரத்தில் கேட்டுக்கு வெளியே மறுபடியும் இருமல் கேட்டது. ஐந்து மணிக்கு. மைதானத்தில் அக்கா நேராகப் போய் டின்னை எடுத்தார். எல்லோரும் பார்க்க, விடிந்த வெளிச்சத்தில், எதிர் முளைக்குச்சியைப் பார்த்து நடந்தார். டிசம்பரைவிட மோசம். தபீதாள் டீச்சர் குனிந்து பெரிய வளைவின் பக்கத்தில் கையை வைத்து அளந்தார்.

"நாலு விரல்," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அந்த விஷயத்தைப் பேசவில்லை. திங்கட்கிழமைதோறும் குனிந்து அளந்தார். ஜூனில் இரண்டு விரல். இம்முறை எக்ஸ்ரேவுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கூடுகிறது, ஆனால் மெதுவாக என்றார் டாக்டர். ஆகஸ்ட் வரைக்கும் தாவக் கூடாது. இந்த வருடத்தின் ஐந்து பேரில் பிளஸ்ஸி இருந்தாள். அடுத்த பிப்ரவரியைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அந்த மாதமே மறுபடி எங்காவது கிளம்ப வேண்டும் போல இருந்தது. ஒவ்வொரு நாளும் ஐந்து மணி இருமலால் அது ஒருநாள் தள்ளிப்போனது.

ஜூலையில் ஒரு காலை. அக்கா கோடு போட்டுவிட்டு இடது மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பந்து உள்ளேயா வெளியேயா என்று பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் மழையில் தரை ஈரம். எதிர்ப்பக்கத்திலிருந்து தாழ்வாக ஒரு பந்து வந்தது. பிளஸ்ஸி வெளியே போகும் என்று விட்டுவிட்டாள். பந்து கோட்டில், சரியாக இப்போது ஒன்றரை விரலாகச் சிறுத்திருந்த வளைவில் விழுந்தது. மஞ்சள் கம்பளியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"உள்ள," என்றார் அக்கா.

"அக்கா, நேரா போட்டிருந்தா வெளியக்கா அது."

"நேரா போடலியே."

"கோணல் கோட்டுக்கு நான் பாயின்ட் குடுக்கணுமா?"

"இப்பக்கி இதான் கோடு. உள்ள."

பிளஸ்ஸி தபீதாள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் வலைப்பக்கம் திரும்பி நின்று அடுத்த பந்துக்குத் தயாராகிவிட்டார். புள்ளி எதிர்ப்பக்கத்துக்குப் போனது. பிளஸ்ஸி எதையோ முனகிக்கொண்டே தன் இடத்துக்கு வந்தாள். இந்தத் தடவை கோட்டுக்கு ஓர் அடி பின்னால் தள்ளி நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் எடது. அங்க நின்னா ரெண்டு எட்டுல எடுத்துடலாம்," என்றார் அக்கா.

பிளஸ்ஸி நகர்ந்தாள்.

ஏழு மணி இருபது நிமிடம் ஆகிவிட்டது. எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள். அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து, முதலில் இடதுகாலை ஊன்றி, பிறகு வலதுகாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றினார். கையில் இருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார். நான் வேலிப் பக்கம் ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். பின்னால் ஒருமுறை இருமினார்.